முப்பத்தொரு அப்செட்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. முதல் பாதி பொய், இரண்டாவது பாதி சத்தியம். இதற்கு முன் ஒரு தாளில் உன்னை வழக்கமாகக் கூப்பிடுகிறபடி ‘முட்டைக்கண்ணி’ என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் உறைத்தது. கிழித்துப் போட்டேன். இடது கண் கட்டை எப்போது பிரிப்பார்கள், பார்வையைப் பற்றி டாக்டர் என்ன சொல்கிறார் என்று நீ தங்கியிருக்கிற பாதுகாப்பு விடுதி வார்டனிடம் கேட்டால், நீ சம்மதித்தால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். நியாயம்தான். நீ இருக்கிற ஊரும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அரசு வக்கீல் அம்மா வாங்கி, வார்டனுக்கு அனுப்பி, வார்டன் உன் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் யாரும் பிரிக்க மாட்டார்களாம். பிரித்தால் பிரிக்கட்டும், எனக்கு மறைக்க இனி ஒன்றுமில்லை.

என் கையில் வெந்த தோல் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது. பேனா பிடிக்க முடிகிறது, பாத்திரம் தேய்த்தால்தான் எரிகிறது. சமையலறையை மாடி வீட்டு நர்ஸும் நானும் மூன்று முறை கழுவினோம். டைல்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது. டைல்ஸுக்கு நடுவே இருக்கிற சிமெண்ட் கோடுதான் பழுப்பாகவே இருக்கிறது. பழைய டூத் பிரஷை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். “விடுங்க, இது போகாது, நான் பார்க்காத ரத்தமா” என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷைச் சுவரில் அடித்து இரண்டாக உடைத்தேன். பாவம், அவள் பயந்துவிட்டாள். இப்போதெல்லாம் இப்படித்தான் இருக்கிறேன். நேற்று பஸ்ஸில் ஒருவன் பக்கத்தில் இருந்த பெண்டாட்டியை “வாயை மூடுடி” என்றான். இறங்கும்போது அவன் கால்விரலைக் குதிகாலால் நன்றாக மிதித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஸாரி சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் அலறியது காதுக்கு இதமாக இருந்தது.

முதல் அடிக்குப் பிறகு உனக்கு எதுவும் நினைவில்லை என்று வக்கீல் அம்மா சொன்னார்கள். நடந்ததை உன்னிடம் சொல்ல வேறு ஆள் இல்லை. வேண்டாம் என்றால் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ ஒரே ஒரு பையோடு வந்திருந்தாய். “அவர் ரொம்ப அப்செட்டா இருக்கார்க்கா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன், அவர் வந்தா நான் இல்லன்னு சொல்லிடு” என்றாய். புருஷன் பெண்டாட்டி ஊடல் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மணி அடித்தது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, தலை கலைந்து வாசலில் நின்றான். “அக்கா, நான் ரொம்ப அப்செட்டா இருக்கேன். அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்” என்றான். ஐயோ பாவம், அழுதிருக்கிறான் போல என்று கதவை விரியத் திறந்தவள் நான்தான். மாப்பிள்ளை வந்திருக்கார் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தவளும் நான்தான். நீ தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு ஓடிவந்து சமையலறையில் என் முதுகுக்குப் பின்னால் நின்றாய். நான் நகர்ந்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதற்கு என்று நகர்ந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட டீத்தூள் டப்பாவை எடுக்கத் திரும்பினேன்.

ஜாக்கெட்டுக்குள் இருந்தது வீல் ஸ்பேனர். அவன் டயர் கடையில் லாரி சக்கரம் கழற்றுகிற பெரியது. முதல் அடி உன் தாடையில். அந்தச் சத்தத்தை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நீ கத்தக்கூட இல்லை, கத்துகிற வாய் உடைந்துவிட்டது. இரண்டாவது அடி கண்ணுக்குப் பக்கத்தில். மூன்றாவதை நீ கையால் தடுத்தாய், அதில்தான் முன்கை எலும்பு இரண்டும் போனது. விழுந்த உன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து நான்காவதற்கு ஓங்கினான். நான் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி அவன் கழுத்தில் கவிழ்த்தேன். அவன் துள்ளி விழுந்தான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். இரும்பு வாணலியை எடுத்தேன். ஸ்பேனர் பிடித்திருந்த கையை முதலில் அடித்தேன், அது ஒடிந்தது. பிறகு தோளில், முதுகில், விலாவில். அவன் கதவைப் பார்த்துத் தவழ்ந்தான். தவழ்கிறவனை விடாமல் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். நர்ஸ் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றேன். பயத்தில் அடித்தேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. ஒவ்வொரு அடிக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் ‘அவன்’ என்று எழுதுகிறதைக் கவனித்திருப்பாய். ஆறு வருஷமாக ‘மாப்பிள்ளை, அவர், இவர்’ என்று வாய் நிறைய மரியாதை கொடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரி கேள்வி கேட்டபோதே அந்த ‘ர்’ கழன்று விழுந்துவிட்டது. இனி ஒட்டாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வராந்தாவில் தமிழ் தெரியாத அந்தப் போலீஸ்காரி இங்கிலீஷில் கேட்டாள்: வாசலில் நின்றபோது அவன் என்ன சொன்னான்? அப்செட்டாக இருப்பதாகச் சொன்னான் என்றேன். நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? வருத்தமாக இருக்கிறான் என்று புரிந்துகொண்டேன் என்றேன். கையெழுத்தும் போட்டேன், கட்டுப் போட்ட கையால், கோழி கிறுக்கினது மாதிரி. அந்த ஒரு வரியைத்தான் அவனுடைய வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர் மாதிரி அவ்வளவு மென்மையாகப் பேசுகிறார். தன் கட்சிக்காரர் வருத்தத்தில் வந்தார், மனம் உடைந்து நிதானம் இழந்தார், கொல்லும் எண்ணம் இல்லை என்றார். இதை நான் சொல்லவில்லை, கோர்ட்டிலேயே இருபது வருஷம் மொழிபெயர்த்த அம்மையாரே சொல்லியிருக்கிறார் என்றார். அது மட்டுமில்லை. இரண்டு வருஷத்தில் நீ எனக்கு அனுப்பிய போன் மெசேஜ்களை அச்செடுத்து நீதிபதியிடம் நீட்டினார். முப்பத்தொரு இடத்தில் ‘இன்னிக்கு அவர் அப்செட்’ என்று நீயே எழுதியிருக்கிறாய். பாருங்கள், மனைவியே தன் கணவன் சதா சோகத்தில் இருந்ததாகத்தான் சொல்கிறாள் என்றார். எனக்குப் பக்கத்து நாற்காலியைத் தூக்கி அவர் மண்டையில் போடலாமா என்று இருந்தது. நாற்காலி தரையோடு போல்ட் போட்டிருந்தது.

அந்த வாதம் எடுபட்டால், அடுத்த வருஷம் இந்நேரம் அவன் வெளியே இருப்பான். எடுபடாவிட்டால் பல வருஷம் உள்ளே. நடுவில் நிற்பது ஒரே ஒரு சொல்.

இருபது வருஷமாக நான் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன், உன்னிடம் சொன்னதில்லை. இங்கிலீஷில் அது ஒரு மழுப்பல் பேர்வழி. பாத்திரம் கவிழ்ந்தாலும் அப்செட், வயிறு கெட்டாலும் அப்செட், போட்ட திட்டம் குலைந்தாலும் அப்செட், அழுதாலும் அப்செட், ஒருத்தன் இன்னொருத்தன் பல்லைப் பெயர்த்தாலும் அப்செட். நம் ஆட்கள் அதைத் தமிழுக்குக் கூட்டி வந்தபோது பல்லைப் பிடுங்கிவிட்டுக் கூட்டி வந்தார்கள். பரீட்சையில் மார்க் குறைந்தால் அப்செட், கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் அப்செட். நம் வாயில் அது வெறும் சோர்வு, வெறும் வருத்தம். அதனால் சாட்சிக் கூண்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் நான் கையைத் தூக்குவேன். ஒரு நிமிஷம் என்று நீதிபதியிடம் அனுமதி வாங்கி, சொன்னவரிடமே கேட்பேன்: அழுதாரா, கத்தினாரா, கையை ஓங்கினாரா? கோர்ட்டில் எனக்கு ‘ஒரு நிமிஷம்’ என்றே பெயர். ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்கிறவனின் விரல்களை இடுக்கிப் பிடியில் வைத்துத் திருகியவன் அப்செட்டாக இருந்தேன் என்றான். கேட்டேன். வெறி என்று ஒத்துக்கொண்டான். வாடகைக்கு இருந்தவளின் முகத்தில் ஆசிட் பாட்டிலை வீசியவனும் அப்செட். கேட்டேன். பழி தீர்க்க என்றான். முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கை தூக்கினேன். நீ முப்பத்தொரு தடவை சொன்னாய். உனக்காக ஒரு தடவைகூட ‘ஒரு நிமிஷம்’ சொல்லவில்லை.

தெரியாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கூட வேலை செய்கிறவர், ‘அகராதி’ என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவர் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். “தமிழ்ல அதுக்கு வருத்தம்னுதான் அர்த்தம், அப்படித்தான் புரிஞ்சுதுன்னு கூண்டுல சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க, உங்க மேல ஒரு தூசி படாது” என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு உன் வீட்டுக் குளியலறைக் கதவைப் பற்றித் தெரியாது.

மார்ச் பதினாலாம் தேதி நான் உன் வீட்டுக்கு வந்தேனே, அன்று. சுட்டெரிக்கிற வெயிலில் நீ முழுக்கை சட்டை போட்டிருந்தாய். கை கழுவப் போனபோது குளியலறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்கியது. குளியலறைக் கதவில் யார் காலண்டர் மாட்டுவார்கள் என்று தூக்கிப் பார்த்தேன். பின்னால் முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓரத்துச் சிராய்களில் காய்ந்த ரத்தம், அதில் ஒட்டிக்கொண்டு நீளமாக நாலைந்து முடி. முஷ்டியில் முடி இருக்காது, அங்கே மோதியது தலை. இது புரிய எனக்கு அகராதி எதுவும் தேவைப்படவில்லை. நீ வாசலில் வந்து நின்றாய். “அன்னிக்கு அவர் கொஞ்சம் அப்செட்க்கா” என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வை இப்போது தினமும் வருகிறது. நான் கேட்பேன் என்று காத்திருந்தாய், இல்லையா? நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. “வேலையில ஆயிரம் டென்ஷன் இருக்கும், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்” என்றேன். சொல்லிவிட்டுக் காலண்டரைத் திரும்ப மாட்டினேன். கோணலாக இருந்தது என்று நேராக்கிவிட்டு வேறு வந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் ஒண்டிக்கட்டை. நாள் முழுக்க அடிதடி, வெட்டுக்குத்து என்று கோர்ட்டில் வாயால் உமிழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும். என் தங்கை சந்தோஷமாக இருக்கிறாள் என்கிற நினைப்பு அந்த அமைதிக்குத் தேவைப்பட்டது. என் சௌகரியத்துக்கு விலை உன் தலை மோதிய கதவு. வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

இதற்கு முன் எழுதிய மூன்று கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. திங்கட்கிழமை வார்டனுக்குப் போன் செய்தேன். “அவங்க இன்னும் அப்செட்டாதான் இருக்காங்க” என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நிமிஷம், எந்த மாதிரி என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். போனைத் துண்டிக்காமல் வைத்துவிட்டு உன்னிடம் வந்தார்கள். திரும்பிப் போய் எடுத்து, நீ ஒரு காகிதத்தில் ‘கோபம்’ என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாயாம். யார் மேல் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

வரும் வியாழக்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். தமிழில்தான் பேசப்போகிறேன். இங்கிலீஷில் பேசினால் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தெரியும். போலீஸில் சொன்ன அந்த வரி தவறு என்று முதலில் சொல்வேன். பிறகு மார்ச் மாதம் பார்த்ததை, ஓட்டை, முடி, ரத்தம் என்று ஒன்று விடாமல் சொல்வேன். தெரிந்தும் ஏன் கதவைத் திறந்தாய் என்று அந்த ஜவுளிக்கடை வக்கீல் கேட்பார். கேட்கட்டும், அவருக்கு முன்னால் நான் என்னையே கேட்டாகிவிட்டது. வாணலியைப் பற்றியும் கேட்பாராம். பதற்றத்தில் அடித்ததாகச் சொன்னால் வழக்கு என் பக்கம் திரும்பாது என்று அரசு வக்கீல் அம்மா ஜாடையாகச் சொன்னார்கள். கோபத்தில்தான் அடித்தேன் என்று சொல்லப்போகிறேன். இவ்வளவும் சொன்ன பிறகு கோர்ட்டில் எனக்கு வேலை இருக்காது. இருபது வருஷத்தில் எத்தனை பேருடைய சொல்லை இப்படித் திரித்தாளோ என்று தோண்டுவார்கள். தோண்டட்டும்.

ஆனால் என் சாட்சி ஒரு நாளைக்குத்தான் காணும். மீதி முப்பது நாளும் நான் அங்கே இல்லை. வக்கீல் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்கள்: ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதைச் சொன்னவள் சொன்னால்தான் நீதிபதி எடுத்துக்கொள்வார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் நீ பேச வேண்டாமாம், எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அந்த முப்பத்தொரு மெசேஜையும் தேதியோடு தனித்தனி வரியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விட்டிருக்கிறேன். அன்றைக்கு அவன் என்ன செய்தான் என்று மட்டும் எழுது. உதைத்தானா, கழுத்தை நெரித்தானா, எதை எடுத்து எறிந்தான், எங்கே பட்டது. நீளமாக வேண்டாம். வார்த்தைக்கு மெருகு வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன். மார்ச் பதினாலுக்கு எதிரே மட்டும் என் பங்குக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.’ தவறாக இருந்தால் அடித்துவிடு. குறைவாக இருந்தால் சேர்த்துக்கொள்.

எழுத எழுத அந்த நாட்கள் எல்லாம் திரும்ப வரும் என்று தெரியும். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத உன் கைக்கு முடியுமா என்றுகூடத் தெரியாமல் கேட்கிறேன். கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவன் வெளியே வந்தால் வருத்தம் தெரிவிக்க வர மாட்டான்.

மூத்தவள் என்ற முறையில் கடைசியில் ஒரு ஆசீர்வாதம் எழுத வேண்டும். இத்தனை நாள் பொறுமையாக இரு, அனுசரித்துப் போ என்று சொல்லிச் சொல்லியே உன்னைக் கெடுத்தேன். அதையெல்லாம் இன்றோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபமாக இரு. கம்பி பிரிக்கிற வரைக்கும் எழுத்தில் கோபப்படு, பிரித்த பிறகு வாய் திறந்து கோபப்படு. எனக்குச் சேர வேண்டியதையும் மிச்சம் வைக்காமல் கொடு. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன், வாங்கிக்கொள்வேன். நூறு வயதுக்கு இருந்து, வேண்டிய மட்டும் கோபப்பட்டு, பிறகு உனக்கே அலுத்துப்போய் ஒரு நாள் சிரிப்பாய் என்றால், அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
நீ இன்னும் அப்படிச் சொல்லச் சம்மதித்தால்,
உன் அக்கா